மாடியில் பிளாட், கீழே பிளாட்பாரம்! ராத்திரி டிபனுக்கு இறங்கி வரும் சென்னை

-நமது நிருபர்-

மாலை 7 மணி. சென்னையில் அடுக்குமாடி வீடுகள் நிறைந்த ஏதாவது ஒரு தெருவில் போய் நின்று பாருங்கள். மேலே ஒவ்வொரு ஜன்னலாக விளக்கு எரிய ஆரம்பிக்கும். ஆனால் குக்கர் விசில் சத்தம்? அது முன்னைப் போல இல்லை!

அதற்குப் பதில் லிப்ட் கதவு திறக்கும். நைட்டி மேல் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு அம்மா, அரைக்கால் சட்டையில் அப்பா, டியூஷன் பையோடு பிள்ளை. கேட்டைத் தாண்டி இருபதடி நடந்தால் தள்ளுவண்டி. மேலே ஒரு குண்டு பல்பு. கீழே ஆவி பறக்கும் இட்லி குண்டான். "அண்ணே, நாலு தோசை, ரெண்டு ஆம்லெட். கெட்டி சட்னியா போடுங்க!"

லட்சக்கணக்கில் கடன் வாங்கி வீடு. அதில் மாடுலர் கிச்சன், புகை போக்கி, அலமாரி எல்லாம். சாப்பாடு மட்டும் ரோட்டோரத்தில், நின்றபடி, கையில் தட்டோடு! அதனால்தானே இந்தக் கடைகளுக்குக் கையேந்தி பவன் என்று ஊரே பேர் வைத்தது?

கேலி செய்கிறேன் என்று நினைக்க வேண்டாம். கணக்கு போட்டுப் பார்த்தால் அவர்கள் செய்வதிலும் நியாயம் இருக்கிறது. புருஷனுக்கு கிண்டியில் வேலை. பெண்டாட்டிக்கு சிறுசேரியில். பஸ்சையும் ரெயிலையும் பிடித்து வீட்டுக்கு வந்து சேரும்போது மணி எட்டு. காலையில் கரைத்து வைத்த மாவு பொங்கி வழிந்து, புளித்து, பிரிட்ஜில் பரிதாபமாக உட்கார்ந்திருக்கும். பாத்திரம் தேய்க்கிற அம்மா இன்றைக்கு லீவு. சிங்க் நிறைய காலை பாத்திரம். "நீ பண்ணு", "நீங்க பண்ணுங்க" என்று வாக்குவாதம் வருவதற்குள் லிப்ட் பட்டனை அமுக்கிவிடுவதுதான் குடும்பத்துக்கு நல்லது!

வண்டிக்கு வண்டி ஒரு ருசி

சென்னைக்காரன் வெளியில் சாப்பிடுவது ஒன்றும் நேற்று வந்த பழக்கம் இல்லை. திருவல்லிக்கேணியில் 1948-ல் ஆரம்பித்த ரத்னா கபேயில் இட்லி சாம்பாரில் மூழ்கித்தான் வரும். சாம்பாருக்காக இட்லியா, இட்லிக்காக சாம்பாரா என்று இன்னும் தீர்ப்பு ஆகவில்லை. மயிலாப்பூர் பொன்னம்பல வாத்தியார் தெருவில் ஒரு வீட்டு ஜன்னல் வழியாகவே டிபன் கொடுப்பார்கள். பேரே ஜன்னல் கடைதான். சைதாப்பேட்டை என்றால் வடகறி. அது எப்படி வந்தது என்று கேட்டால், மிஞ்சிய மசால் வடையை வீணாக்க மனசு வராமல் குழம்பில் போட்ட கெட்டிக்காரத்தனம் என்பார்கள். இன்றைக்கு வடகறிக்கென்றே பருப்பு அரைக்கிறார்கள்!

பீச் ஸ்டேஷன் எதிரே, பாரிமுனை பக்கத்துத் தெருக்களில் சாயங்காலம் அத்தோ வண்டிகள் நிற்கும். ஆரஞ்சு நிற நூடுல்சில் முட்டைக்கோசு, வறுத்த வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள் போட்டு, கையாலேயே பிசைந்து கொடுப்பார்கள். கூடவே வாழைத்தண்டு சூப். இது பர்மா சரக்கு. 1962-ல் அங்கே ராணுவ ஆட்சி வந்தது. அடுத்தடுத்து கடை, வியாபாரம் எல்லாவற்றையும் அரசே எடுத்துக்கொண்டது. தலைமுறை தலைமுறையாக அங்கே பிழைத்த தமிழர்கள் கப்பலேறி வெறுங்கையோடு இந்த ஊரில் வந்து இறங்கினார்கள். கொண்டு வந்தது கைப்பக்குவம் ஒன்றைத்தான். அது அவர்களை இன்றுவரை காப்பாற்றுகிறது.

கையில் காசு குறைவா? அதற்கும் வழி உண்டு. 2013 பிப்ரவரியில் மாநகராட்சி திறந்த அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய் என்று விலை வைத்தார்கள். சமைப்பது மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள். ஆட்சி மாறியும் மூடவில்லை. பாத்திரம் வாங்கவும் கட்டடம் சீர்ப்படுத்தவும் 2024-ல் 21 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். மூட்டை தூக்குகிறவர் பக்கத்தில் டை கட்டிய சேல்ஸ் ரெப்பும் நின்று சாப்பிடுவார். யாரும் யாரையும் ஏற இறங்கப் பார்ப்பதில்லை.

எண்ணெயைப் பாருங்கள், பேப்பரையும் பாருங்கள்

ருசி சரி. வயிறு?

வாணலியைக் கவனியுங்கள். எண்ணெய் கறுத்து, கூழாட்டம் கெட்டியாகி, கண்ணை எரிக்கிற புகை வந்தால் அந்த இடத்தை விட்டு நகருங்கள். காய்ந்த எண்ணெயையே திரும்பத் திரும்பக் காய்ச்சினால் அதில் கெட்ட பொருள்கள் சேருகின்றன. அவை 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயில் சமைக்கக் கூடாது என்று 2018 ஜூலை 1 முதல் விதி இருக்கிறது. விதியைத் தள்ளுவண்டியில் யார் அளந்து பார்ப்பது? கண்ணும் மூக்கும்தான் நமக்கு ஆய்வுக்கூடம்!

அடுத்தது பேப்பர். பஜ்ஜியைப் பேப்பரில் வைத்து ஒரு அமுக்கு அமுக்கி, எண்ணெயைப் பிழிந்து சாப்பிடுவது நம்ம ஊர் கலை. அச்சு மையில் உள்ள ரசாயனம் சூடான எண்ணெயோடு பலகாரத்தில் ஏறிவிடும். உணவுப் பண்டத்தை செய்தித்தாளில் பொட்டலம் கட்டக் கூடாது என்று உணவுப் பாதுகாப்புத் துறை பலமுறை சொல்லிவிட்டது. நம்ம பத்திரிகையே ஆனாலும் சரி, அது படிக்க மட்டும்தான்!

கொதிக்கிற சாம்பாரைப் பாலிதீன் பையில் ஊற்றி நூலால் சுற்றிக் கட்டுகிற வித்தையும் இன்னும் நடக்கிறது. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1-ந் தேதியே தமிழ்நாட்டில் தடை வந்துவிட்டது. மாடியிலிருந்து வரும்போது ஒரு தூக்குவாளி கொண்டு வந்தால் என்ன? நம்ம பாட்டி ஓட்டலுக்குத் தூக்குவாளியோடுதானே போனாள்?

ஏ.சி. ஓட்டல் என்றால் வேறு மாதிரி கிள்ளுவார்கள். பில்லின் அடியில் பொடி எழுத்தில் "சர்வீஸ் சார்ஜ்" என்று ஒரு தொகை இருக்கிறதா பாருங்கள். இது வரி இல்லை. ஓட்டல்காரர் தாமாகப் போட்டுக்கொள்வது. கேட்காமல் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் உத்தரவிட்டது. ஓட்டல்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2025 மார்ச்சில் டெல்லி ஐகோர்ட்டு அந்த உத்தரவு சரிதான் என்று சொல்லிவிட்டது. "இதை எடுத்துடுங்க" என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. பக்கத்து டேபிள்காரர் பார்ப்பாரே என்று கூச்சப்படுகிறவர்களிடம்தான் இந்தக் காசு வசூல் ஆகிறது.

லிப்டில் ஏறாதே!

இறங்கி வரவும் சோம்பலா? போனில் தட்டினால் பார்சல் வாசலுக்கே வருகிறது. கொண்டு வருகிற பையன் மழையில் நனைந்து, சிக்னலில் தவித்து, அரை மணியில் வந்து நிற்கிறான். கேட்டில் வாட்ச்மேன் மறிக்கிறார். நோட்டில் பேர் எழுது, போன் நம்பர் எழுது. அதுவரை சரி. பல பிளாட்களில் அதற்கு மேல் ஒரு போர்டு தொங்குகிறது. டெலிவரி ஆட்கள் லிப்டைப் பயன்படுத்தக் கூடாதாம்!

அவன் கையில் இருக்கும் பிரியாணி லிப்டில் வரலாம். அவன் வரக் கூடாது. என்ன நியாயமோ! நாலு மாடி ஏறி வருகிறவனிடம் "ஆறிப்போச்சே" என்று குறை சொல்கிறவர்களும் உண்டு. இந்தத் தொழிலாளிகளுக்கென்று நல வாரியம் அமைப்பதாக 2023 சுதந்திர தின விழாவில் முதல்வர் அறிவித்தார். 2025-ல் மாநகராட்சி இவர்களுக்கு ஏ.சி. ஓய்வறை திறந்தது. ரோட்டில் உட்கார இடம் கிடைத்துவிட்டது. லிப்டில் நிற்க இடம் கிடைக்கவில்லை.

தனி ஆட்களின் பாடு இன்னும் திண்டாட்டம். "பேமிலிக்கு மட்டும்தான்" என்று ஒரு வார்த்தையில் கதவைச் சாத்துவார்கள். திருவல்லிக்கேணி மேன்ஷன்களும் மெஸ்களும் இல்லாவிட்டால் இந்த ஊரில் பாதி குமாஸ்தாக்கள் கடற்கரையில்தான் படுத்திருப்பார்கள். அப்படியே வீடு கிடைத்தாலும் "பத்து மாச அட்வான்ஸ் எடுத்து வை" என்பார்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாத வரை, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. கையெழுத்துப் போடுமுன் படித்துப் பாருங்கள். அந்த "வேறு மாதிரி" எந்த வரியில் ஒளிந்திருக்கிறது என்று தெரியும்.

தண்ணி இல்லாத நாள்

பிளாட்டையும் ஓட்டலையும் ஒரே கயிற்றில் கட்டிப் போட்டது 2019 கோடை. யாராலும் மறக்க முடியுமா?

பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம். சென்னைக்குச் சோறு போடாவிட்டாலும் தண்ணி ஊற்றுகிற நாலு ஏரிகள். அந்த ஜூன் மாதம் நாலிலும் சேர்த்து மொத்தக் கொள்ளளவில் ஒரு சதவீதம்கூட இல்லை. செம்பரம்பாக்கத்தில் ஏரித்தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. நாளொன்றுக்கு 83 கோடி லிட்டர் கொடுத்துவந்த மெட்ரோ வாட்டர், 52½ கோடி லிட்டராகக் குறைத்தது.

பிளாட்களில் ராத்தூக்கம் போயிற்று. சம்பில் தண்ணி அளக்க மூங்கில் கழி. காலையில் ஒரு மணி நேரம், மாலையில் அரை மணி நேரம் மோட்டார். லாரி ஹாரன் கேட்டால் நடுராத்திரி 2 மணிக்கும் எழுந்து ஓடினார்கள். "மூணாவது மாடியில வாஷிங் மெஷின் ஓடுது, கேளுங்க!" என்று மாடிக்கு மாடி உளவு. மெயின்டனன்ஸ் காசு மாதாமாதம் ஏறியது. எத்தனை சினேகம் முறிந்தது!

"வீட்டில் தண்ணி இல்லை, வெளியே சாப்பிடலாம்" என்று இறங்கினால் அங்கேயும் அதே கதை. சின்ன ஓட்டல்கள் சில மூடிவிட்டன. சிலவற்றில் மத்தியானச் சாப்பாடு கட். சோறு, சாம்பார், ரசம், கூட்டு, பொரியல் என்று கிண்ணம் கிண்ணமாகக் கழுவ வேண்டுமே! எவர்சில்வர் தட்டு மேல் வாழை இலைத் துண்டைப் போட்டுப் பரிமாறினார்கள். கை கழுவும் குழாயைப் பாதி திருகி வைத்தார்கள். சர்வர் வழக்கமாகக் கேட்காமல் கொண்டு வந்து வைக்கும் தம்ளர் தண்ணி, கேட்டால்தான் என்று ஆனது. ஐ.டி. கம்பெனிகள் சில "ஆபீஸ் வராதே, வீட்டிலிருந்தே வேலை பார்" என்றன. கொரோனா வருவதற்கு முன்பே சென்னை இதைப் பார்த்துவிட்டது.

கடைசியில் ஜோலார்பேட்டையிலிருந்து ரெயிலில் தண்ணி வந்தது. 2019 ஜூலை 12-ந் தேதி முதல் ரெயில். 50 வேகன். 25 லட்சம் லிட்டர். வில்லிவாக்கத்தில் வந்து நின்றபோது மாலை போட்டு வரவேற்றார்கள்!

இத்தனைக்கும் மழைநீரைப் பிடித்து நிலத்தில் இறக்க எல்லாக் கட்டடமும் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று 2003-லேயே கட்டாயம் ஆக்கிவிட்டார்கள். குழாயும் போட்டார்கள். உங்கள் பிளாட்டில் அந்தக் குழி எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். அதன் மேல் ஒரு கார் நின்றுகொண்டிருக்கும். ஜல்லியும் மணலும் எந்த வருஷம் மாற்றினீர்கள் என்று கேட்டால் செயலாளர் தலையைச் சொறிவார்.

தொட்டிக்குள் இறங்காதே

மாடியில் கழுவுவதெல்லாம் எங்கே போகிறது? பாதாள சாக்கடை எட்டாத புறநகர் பிளாட்களில் அது கார் நிறுத்தும் இடத்துக்கு அடியில், கழிவுநீர்த் தொட்டியில் தேங்குகிறது. தொட்டி நிறைந்தால் நாற்றம். அசோசியேஷன் அவசரக் கூட்டம். லாரிக்கு இத்தனை, ஆளை இறக்கினால் இத்தனை என்று பேரம்.

இங்கேதான் கிரைம் நிருபருக்கு வேலை வருகிறது.

மூடியைத் திறந்து ஒருவர் இறங்குவார். விஷவாயு தாக்கும். மயங்கி விழுவார். காப்பாற்ற இன்னொருவர் குதிப்பார். அவரும் திரும்ப மாட்டார். ஆண்டுக்கு ஆண்டு பேர் மாறுகிறது, ஊர் மாறுகிறது, செய்தி அதேதான். இப்படிப்பட்ட சாவுகள் அதிகம் பதிவான மாநிலங்களில் தமிழ்நாடு முன்வரிசையில் நிற்கிறது. பெருமைப்பட முடியுமா?

"அவனே வந்து இறங்குறேன்னு சொன்னான் சார். நாங்க என்ன பண்றது?" இது போலீஸ் ஸ்டேஷனில் அடிக்கடி காதில் விழுகிற பதில். எடுபடாது! பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவது 2013-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். வேலைக்குக் கூப்பிட்டவர் யாரோ அவர்தான் பதில் சொல்ல வேண்டும். அது பிளாட் செயலாளராக இருந்தாலும் சரி. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்று சுப்ரீம் கோர்ட்டு 2014-ல் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்திவிட்டது. இயந்திர லாரிக்கு ஆகிற சில ஆயிரத்தை மிச்சம் பிடிக்கப் போய், ஒரு குடும்பத்தின் விளக்கை அணைத்துவிட்டு, கோர்ட்டு வாசலில் நிற்பவர்கள் இருக்கிறார்கள். மாத மீட்டிங்கில் சுவருக்கு என்ன கலர் அடிப்பது என்று இரண்டு மணி நேரம் பேசுகிறவர்கள், இதற்குப் பத்து நிமிஷம் ஒதுக்கலாம்.

மனு போகும், பார்சலும் போகும்

மறுபடி தள்ளுவண்டிக்கு வருவோம். அந்த வண்டியின் பிழைப்பு மேல் மாடிக்காரர் கையில்தான் இருக்கிறது. சாப்பிட வருகிறவர் என்பதால் மட்டும் அல்ல. மனு எழுதுகிறவரும் அவர்தான்!

"கேட் எதிரே கூட்டம் சேருகிறது. பைக்கை வழியில் நிறுத்துகிறார்கள். எலி வருகிறது. ராத்திரி 11 வரை சத்தம்." இப்படி கார்ப்பரேஷனுக்கும் போலீசுக்கும் புகார் போகும். புகாரில் பொய் இல்லை. நடைபாதையை அடைத்துக்கொண்டு வண்டி நின்றால், வயசானவர்கள் ரோட்டில் இறங்கி லாரிக்கும் பஸ்சுக்கும் நடுவேதான் நடக்க வேண்டும். சக்கர நாற்காலிக்காரர் கதி அதைவிட மோசம்.

புகார் போனதும் லாரி வரும். அடுப்பு, தோசைக்கல், மாவு டின் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுக்கொண்டு போய்விடும். அன்றைய முதல் காலி. வட்டிக்கு வாங்கிய காசாக இருந்தால் இரட்டை அடி.

ஆனால் 2014-ல் வந்த தெருவோர வியாபாரிகள் சட்டம் வேறு விதமாகச் சொல்கிறது. யார் யார் எங்கே கடை போடுகிறார்கள் என்று கணக்கெடுத்து சான்றிதழ் கொடுக்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. இடம் மாற்றுவதானாலும் 30 நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். எங்கே கடை போடலாம், எங்கே கூடாது என்று முடிவு செய்யும் நகர விற்பனைக் குழுவில் பத்தில் நாலு பேர் வியாபாரிகளாக இருக்க வேண்டும். பறிமுதல் செய்தால் பட்டியல் எழுதிக் கொடுக்க வேண்டும். வியாபாரி வந்து கேட்டால் கெட்டுப்போகிற சரக்கை அன்றைக்கே திருப்பித் தர வேண்டும். அதாவது மாவு டின்னை! மற்ற சாமானை இரண்டு வேலை நாளுக்குள் தர வேண்டும். வண்டிக்காரரிடம் இதைச் சொன்னால், கரண்டியைத் தோசைக்கல்லில் தட்டிவிட்டுச் சிரிப்பார். சட்டம் அவர் காதுக்கு வந்து சேருவதற்கு முன்பே லாரி வந்துவிடுகிறது.

மாற்று இடம் கொடுத்த கதையும் உண்டு. பாண்டி பஜார் நடைபாதை வியாபாரிகளை 2013-ல் பல மாடிக் கட்டடத்துக்குள் கொண்டு போனார்கள். வியாபாரிக்கும் பிளாட்! துணிமணி, வளையல், செருப்புக்கு அது சரி. இட்லி கடையை மூன்றாவது மாடிக்கு ஏற்றினால் யார் ஏறி வந்து சாப்பிடுவார்? வண்டியின் பிழைப்பே கேட்டுக்கு இருபதடியில் நிற்பதில்தான் இருக்கிறது.

சில இடங்களில் புத்திசாலித்தனமாக முடித்துக்கொள்கிறார்கள். கேட்டை விட்டு வண்டி தள்ளி நிற்க வேண்டும், குப்பைக்கு வண்டிக்காரரே டப்பா வைக்க வேண்டும், பத்தரைக்கு அடுப்பை அணைக்க வேண்டும் என்று பேசிக்கொள்கிறார்கள். பதிலுக்குப் பிளாட்காரர்கள் குழாய்த் தண்ணி இரண்டு குடம் தருகிறார்கள். வண்டிக்காரரும் சும்மா இல்லை. ராத்திரி யார் உள்ளே போனார், யார் பையோடு வெளியே வந்தார் என்று வாட்ச்மேனைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். சாவியைச் செருப்பு ஸ்டாண்டிலும் மீட்டர் பெட்டியிலும் வைத்துவிட்டுப் போகிற குடும்பங்களுக்கு இப்படி ஒரு கண் இருப்பது எவ்வளவு பெரிய காவல்!

மற்ற இடங்களில் பழைய ஆட்டம்தான். சாயங்காலம் மனுவில் கையெழுத்து வாங்கிக்கொண்டு மாடி மாடியாக ஏறுவார்கள். எட்டரை மணிக்கு அதே லிப்டில் இறங்கி வருவார்கள். "ஆறு இட்லி பார்சல். சாம்பார் கொஞ்சம் தாராளமா ஊத்துப்பா!"